ஒரு பாஸ்ஃபிரேஸ், நாலு டிஸ்க்

லக்ஸ் என்னும் டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டுப் பூட்டிய லினக்ஸ் மெஷினில் ரூட் ஒரு பார்ட்டிஷன், ஹோம் ஒன்று, டேட்டா டிஸ்க் ஒன்று, பேக்கப் டிஸ்க் ஒன்று என்று, ஒவ்வொன்றுக்கும் தனிப் பாஸ்ஃபிரேஸோடு இருந்தால், காலையில் ஆன் செய்கிறவர் நாலு தடவை பாஸ்ஃபிரேஸ் அடிக்கும்படி ஆகிவிடும். முதல் வாரம் அடிப்பார்கள். பிறகு பாஸ்ஃபிரேஸ் எட்டு எழுத்தாகச் சுருங்கும். இல்லாவிட்டால் துண்டுச் சீட்டில் ஏறி கீபோர்டுக்கு அடியில் போய்ச் சேரும். ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், ஸ்கேன் சென்டர் என்று நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் இதைக் கண்டிருக்கிறேன். அதனால், ஒரே தடவை அடித்து எல்லாவற்றையும் திறக்க வைக்கும் வேலையை நான் சொகுசுக் கணக்கில் சேர்ப்பதில்லை. திறக்கிறவருக்கு அலுப்பு வந்துவிட்டால் எந்தப் பூட்டும் நிலைக்காது.

எனக்கு இதைக் கற்றுத் தந்தவர் கோவையில் சர்வர் வேலை பார்த்த ஓர் அண்ணன். எந்த டிஸ்க்கை எப்படித் திறப்பது என்று குறித்து வைக்கும் கிரிப்ட்டேப் ஃபைலில் என்ன வரி எழுத வேண்டும் என்று அவரிடம் கேட்டேன். அவர் வரியைச் சொல்லவில்லை. "மொதல்ல இதச் சொல்லு கண்ணு. மெஷின் ஆன் ஆகி, ரூட் தொறக்கறதுக்கு முன்னாடி சாவி எங்க இருக்குது? தொறந்ததுக்கு அப்புறம் எங்க இருக்குது? அதச் சொல்லிட்டீன்னா வரிய நீயே எழுதிருவ" என்றார். இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பி தங்கைகளிடம் நானும் அதையேதான் கேட்கிறேன். இணையத்தில் கிடைக்கிற வரிகளை ஒட்டிப் பார்த்து ஒட்டிப் பார்த்து ரீபூட் செய்கிறவர்கள், என்றாவது ஒரு நாள் டிஸ்க்கையே இழப்பார்கள்.

பாஸ்ஃபிரேஸ் என்பது டிஸ்க்கைப் பூட்டும் சாவி அல்ல. இதை முதலில் மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும். டேட்டாவைக் குலைப்பது வால்யூம் கீ என்னும் இன்னொரு எண். அதை லக்ஸ் தானே உருவாக்கி, டிஸ்க்கின் தலைப்பகுதியான ஹெடரில் பூட்டி வைத்திருக்கிறது. நாம் அடிக்கும் பாஸ்ஃபிரேஸ் அந்த வால்யூம் கீயை வெளியே எடுக்க மட்டும்தான். ஹெடரில் அதற்கென்று ஸ்லாட்டுகள் உண்டு. லக்ஸ் 1-இல் 8 ஸ்லாட், லக்ஸ் 2-இல் 32 வரை. ஒவ்வொரு ஸ்லாட்டிலும் வேறு பாஸ்ஃபிரேஸோ ஒரு கீ ஃபைலோ இருக்கலாம். எதைக் கொடுத்தாலும் வெளியே வருவது அதே வால்யூம் கீதான். கிளெமென்ஸ் ஃப்ருவிர்த் என்பவர் 2004 வாக்கில் வகுத்த அமைப்பு இது. லக்ஸுக்கு அடியில் வேலை செய்யும் டிஎம்-கிரிப்ட் கர்னலில் சேர்ந்ததும் அதே வருஷம், 2.6.4-இல். பல டிஸ்க்கை ஒரே பாஸ்ஃபிரேஸில் திறக்கலாம் என்றால் இந்த ஸ்லாட்டுகளின் புண்ணியம்தான். ஒரு டிஸ்க்குக்குப் பாஸ்ஃபிரேஸும் இருக்கலாம், மெஷின் தானே எடுத்துக் கொடுக்கிற கீ ஃபைலும் இருக்கலாம். ஒன்றை நீக்கினால் மற்றது கெடாது.

அடுத்து, பூட் ஆகும் வரிசை. பூட் பார்ட்டிஷன் பெரும்பாலும் பூட்டப்படாமல்தான் இருக்கும். அதில் கர்னலும் இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கின்றன. இனிட்ராம்எஃப்எஸ் என்பது மெமரியில் விரியும் ஒரு குட்டி லினக்ஸ். ரூட்டைத் திறக்கப் பாஸ்ஃபிரேஸ் கேட்பது அதுதான். ரூட் திறந்ததும் பொறுப்பு சிஸ்டம்டி கைக்குப் போகும். அது திறந்த ரூட்டுக்குள் இருக்கும் கிரிப்ட்டேபைப் படித்து மற்ற டிஸ்க்குகளைத் திறக்கும். ஆக, கேட்பவர் இரண்டு பேர். டெபியனில் முதல் ஆள் வாங்கிய பாஸ்ஃபிரேஸை இரண்டாம் ஆளிடம் தருவதில்லை. அதனால்தான் எல்லா டிஸ்க்குக்கும் ஒரே பாஸ்ஃபிரேஸ் வைத்திருந்தாலும் ரூட்டுக்கு ஒரு தடவை, மற்றவற்றுக்கு இன்னொரு தடவை என்று கேள்வி வருகிறது. அந்த மற்றவற்றுக்குள் ஒரு தடவை போதும். சிஸ்டம்டி தான் வாங்கிய பாஸ்ஃபிரேஸைக் கர்னல் கீரிங்கில் இரண்டரை நிமிஷம் வைத்திருந்து, அடுத்த டிஸ்க்குக்கும் அதையே போட்டுப் பார்க்கும். ஃபெடோராவில் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே சிஸ்டம்டி உட்கார்ந்திருப்பதால், எல்லா டிஸ்க்குக்கும் ஒரே பாஸ்ஃபிரேஸ் வைத்தால் பெரும்பாலும் ஒரு தடவையோடு முடிந்துவிடும். டெபியனிலும் உபுண்டுவிலும் பழகிய கைதான் என்னுடையது என்பதால் இனி அவற்றையே சொல்கிறேன்.

புது மெஷின், ஒரே டிஸ்க் என்றால் யோசிக்கவே வேண்டாம். ஒரே லக்ஸ் பெட்டி, அதற்குள் எல்விஎம், எல்விஎம்முக்குள் ரூட், ஹோம், ஸ்வாப். டெபியன் இன்ஸ்டாலரே இப்படிப் போட்டுக் கொடுக்கிறது. பூட்டு ஒன்றுதான், ஆகவே கேள்வியும் ஒன்றுதான். ஆனால் நம்மைக் கூப்பிடுகிறவர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிற மெஷின். ரூட்டுக்கு எஸ்எஸ்டி, டேட்டாவுக்கு வேறு டிஸ்க், போன வருஷம் யாரோ சேர்த்த இன்னொன்று. கலைத்துப் போட முடியாது. அங்கேதான் நம் வேலை.

எனக்குப் பிடித்தது கீ ஃபைல் வழி. ரூட் பார்ட்டிஷனை ஒரு பீரோ என்று வைத்துக்கொண்டால், மற்ற பீரோக்களின் சாவிகளை அதற்குள் வைத்துவிடுவது. எட்சி டைரக்டரிக்குள் கீஸ் என்று ஒரு டைரக்டரி. அதற்கு 700 பெர்மிஷன், ஓனர் ரூட். டிடி கட்டளையால் யூரேண்டமிலிருந்து 4096 பைட் எடுத்து ஒரு ஃபைல், அதற்கு 400 பெர்மிஷன். பிறகு கிரிப்ட்செட்டப் கட்டளையில் லக்ஸ்ஆட்கீ கொடுத்து டேட்டா டிஸ்க்கின் ஒரு ஸ்லாட்டில் அந்த ஃபைலை ஏற்ற வேண்டும். கிரிப்ட்டேபில் அந்த டிஸ்க்கின் வரியில் மூன்றாவது இடத்தில் 'நன்' என்று இருப்பதை எடுத்துவிட்டு ஃபைலின் பாதையை எழுத வேண்டும். அவ்வளவுதான். இனி மனிதர் அடிப்பது ரூட்டின் பாஸ்ஃபிரேஸ் மட்டும். மெஷின் அணைந்திருக்கும்போது டிஸ்க்குகளைக் கழற்றிக்கொண்டு போனாலும் கீ ஃபைல் பூட்டிய ரூட்டுக்குள் இருக்கிறது, யாருக்கும் கிடைக்காது. அண்ணனின் கேள்விக்கு இங்கே பதில் தெளிவு: ரூட் திறப்பதற்கு முன் சாவி பூட்டுக்குள் இருக்கிறது, திறந்த பின் சிஸ்டம்டியின் கைக்கு எட்டுகிறது.

இதில் இடறுகிற இடங்கள் உண்டு. கீ ஃபைலுக்கு ரேண்டம் பைட் எடுக்காமல், தெரிந்த பாஸ்ஃபிரேஸையே ஒரு ஃபைலில் எழுதி வைத்து அதைக் கீ ஃபைலாகக் கொடுப்பார்கள் சில பேர். கையால் அடித்தால் திறக்கும், ஃபைலாகக் கொடுத்தால் அந்தச் சாவி இல்லை என்று சொல்லும். ஒரு பையன் ராத்திரி முழுக்க இதோடு போராடிவிட்டு, டிஸ்க் கெட்டுவிட்டது என்ற முடிவோடு எடுத்து வந்தான். நான் ஃபைலை டபிள்யூசி கட்டளையில் பைட் எண்ணிக்கை பார்க்கச் சொன்னேன். பாஸ்ஃபிரேஸ் 16 எழுத்து, ஃபைல் 17 பைட். எக்கோ கட்டளை தன் பழக்கப்படி கடைசியில் ஒரு புதுவரிக் குறியைச் சேர்த்திருந்தது. கீபோர்டில் அடிக்கும்போது என்டரோடு வாங்குவது முடிகிறது, அந்தக் குறி பாஸ்ஃபிரேஸில் சேராது. ஃபைலில் இருந்தால் அதுவும் சாவியின் ஒரு பைட். பிரிண்ட்எஃப்பில் மறுபடி எழுதினான், திறந்தது. பாஸ்ஃபிரேஸை ஃபைலில் எழுதி வைப்பதே வேண்டாத வேலை என்பதையும் அன்றைக்கே சொல்லி அனுப்பினேன். ரேண்டம் பைட் ஃபைலை யாரும் மனப்பாடம் செய்ய முடியாது, அது வெளியே போனாலும் மனிதரின் பாஸ்ஃபிரேஸ் வெளியே போவதில்லை.

இன்னொரு நுணுக்கம். கீ ஃபைல் போட்ட பிறகும் பூட் மெதுவாக இருக்கிறது என்பார்கள். லக்ஸ் ஸ்லாட்டுகளை வரிசையாகத்தான் முயலும். ஸ்லாட் 0-இல் மனிதரின் பாஸ்ஃபிரேஸ், ஸ்லாட் 1-இல் கீ ஃபைல் என்று இருந்தால், முதலில் கீ ஃபைலை ஸ்லாட் 0-இல் போட்டுப் பார்த்துத் தோற்றுவிட்டுத்தான் 1-க்கு வரும். ஒரு முயற்சிக்குச் சுமார் இரண்டு செகண்ட் பிடிக்கும்படி வேண்டுமென்றேதான் அமைத்திருக்கிறார்கள். திருடுகிறவன் லட்சக்கணக்கில் முயலும்போது ஒவ்வொன்றும் அவனுக்குக் கசக்க வேண்டும் என்பதற்காக. டிஸ்க் நாலு என்றால் காத்திருப்பு நன்றாகவே தெரியும். கிரிப்ட்டேபின் நாலாவது இடத்தில் கீ-ஸ்லாட் எண்ணைக் கொடுத்துவிட்டால் நேராக அங்கே போகும். 4096 ரேண்டம் பைட்டை யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்பதால், அந்த ஒரு ஸ்லாட்டுக்கு மட்டும் பிபிகேடிஎஃப்2 வைத்து 1000 சுற்று என்று குறைத்துக்கொள்ளவும் செய்யலாம். மனிதர் அடிக்கும் ஸ்லாட்டில் மட்டும் கை வைக்கக் கூடாது. அங்கே ஆர்கான்2 முழு பலத்தோடு இருக்கட்டும்.

கீ ஃபைல் வழி செல்லாத இடங்களும் உண்டு. ஹைபர்னேட் வேண்டும் என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மெமரியில் இருந்ததை ஸ்வாப்பில் எழுதிவிட்டுத் தூங்கும் மெஷின், எழும்போது ரூட்டை மவுன்ட் செய்வதற்கு முன்பே ஸ்வாப்பைப் படித்தாக வேண்டும். ஸ்வாப்பின் சாவியை ரூட்டுக்குள் வைத்தால் எப்படி எட்டும்? அண்ணனின் கேள்வியைக் கேட்டிருந்தால் எழுதும்போதே தெரிந்திருக்கும். ரூட்டே இரண்டு டிஸ்க்கில் பிடிஆர்எஃப்எஸ் மிர்ராராக இருக்கும் மெஷினிலும் இதே கதை. இரண்டு லக்ஸும் திறந்தால்தான் ரூட் என்று ஒன்று முழுதாக வரும்.

அதற்கு டெபியனில் இருப்பது டீக்ரிப்ட்_கீசிடிஎல் என்ற கீஸ்கிரிப்ட், அதாவது சாவியை எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட். முதல் டிஸ்க்குக்கு வாங்கிய பாஸ்ஃபிரேஸைக் கர்னல் கீரிங்கில் 60 செகண்ட் வைத்திருந்து அடுத்தடுத்த டிஸ்க்குக்குக் கொடுக்கும். கீயூட்டில்ஸ் பேக்கேஜ் இருக்க வேண்டும். கிரிப்ட்டேபின் மூன்றாவது இடத்தில் பாதைக்குப் பதில் ஒரு பெயரை எழுத வேண்டும், சேர்ந்து திறக்க வேண்டிய எல்லா வரியிலும் அதே பெயர். ஒரு வரியில் 'டிஸ்க்1' என்றும் அடுத்ததில் 'டிஸ்க்2' என்றும் எழுதிவிட்டு ஏன் மறுபடி கேட்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்கள் அதிகம். அந்தப் பெயர் டிஸ்க்குக்கு உரியது அல்ல, பாஸ்ஃபிரேஸுக்கு உரியது. இதோடு ஆப்ஷனில் இனிட்ராம்எஃப்எஸ் என்ற சொல்லையும் சேர்க்க வேண்டும். சிஸ்டம்டிக்குக் கீஸ்கிரிப்ட் என்றால் என்னவென்றே தெரியாது, கண்டுகொள்ளாமல் போய்விடும். அதன் கைக்கு வரும் முன்பே இனிட்ராம்எஃப்எஸ்ஸில் திறந்து முடித்துவிட வேண்டும். மெதுவாக விழிக்கும் யூஎஸ்பி டிஸ்க் 60 செகண்டுக்கு மேல் எடுத்தால் மறுபடி கேட்கும். அதை இந்தக் கூட்டத்தில் சேர்க்காமல் கீ ஃபைலில் விட்டுவிடுவது நல்லது.

டீக்ரிப்ட்_டிரைவ்டு என்று இன்னொன்று இருந்தது. திறந்த ரூட்டின் வால்யூம் கீயிலிருந்தே ஸ்வாப்புக்குச் சாவி வடித்துக் கொடுக்கும். லக்ஸ் 1 காலத்தில் அழகாக வேலை செய்தது. லக்ஸ் 2-இல் வால்யூம் கீயைக் கர்னல் தன் கீரிங்கில் மறைத்து வைப்பதால் அந்த ஸ்கிரிப்டுக்கு அது கிடைப்பதில்லை. பழைய குறிப்புகளைப் பார்த்து இதைப் போட முயல வேண்டாம்.

இனிட்ராம்எஃப்எஸ் பற்றி ஓர் எச்சரிக்கை. அது உட்கார்ந்திருப்பது பூட்டாத பூட் பார்ட்டிஷனில். கீ ஃபைல் எட்டவில்லை என்றதும் அதை இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் திணித்துவிடுகிறார்கள். உடனே எல்லாம் கேள்வியே இல்லாமல் திறக்கும், செய்தவருக்கும் சந்தோஷம். டிஸ்க்கைத் தூக்கிப் போகிறவனுக்கும் அப்படியே திறக்கும். இப்படி ஓர் ஆபீஸ் மெஷின் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்டு நான் திகைத்துப் போனேன். எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையில் ஒரு தடவை பட்டியல் எடுத்துப் பாருங்கள். கீ என்று முடியும் ஃபைல் ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே அந்த ஸ்லாட்டை நீக்கிவிட்டுப் புதுச் சாவி போடுங்கள். டிபிஎம் சிப்பில் சாவியை வைக்கலாமே என்றும் கேட்கிறார்கள். 2021 முதல் சிஸ்டம்டியிலேயே அதற்குக் கருவி இருக்கிறது. டிஸ்க்கை மட்டும் கழற்றுகிறவனிடமிருந்து அது காக்கும். ஆனால் சின்ன ஆபீஸில் திருடுகிறவன் பெட்டியோடு தூக்கிப் போவான். பின் நம்பர் சேர்க்காத டிபிஎம், லாகின் திரை வரைக்கும் அவனைத் தானே கூட்டிப் போய்விடும். ஆகவே மனிதர் ஒரு தடவை அடிப்பதை நான் விடுவதில்லை.

பாஸ்ஃபிரேஸைத் தமிழில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் தமிழ்99 ஓடும்போது போட்டுவிடலாம், லக்ஸ் ஏற்றுக்கொள்ளும். பூட் ஆகும்போது தமிழ்99 எங்கே இருக்கிறது? இனிட்ராம்எஃப்எஸ்ஸில் பெரும்பாலும் அமெரிக்க கீபோர்டு அமைப்புதான். அங்கே ஒரு தமிழ் எழுத்தும் அடிக்க முடியாது. அதைவிடச் சூட்சுமமான சிக்கல் ஒன்றும் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் ககரத்தோடு கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக வைக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். முதலாவது 6 பைட், இரண்டாவது 9 பைட். லக்ஸ் பார்ப்பது பைட்டை. ஒரு மென்பொருளில் அடித்து வைத்ததை வேறொன்றில் அடித்தால் தவறு என்று சொல்லக்கூடும், ஏன் என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்ச் சொற்களையே ஆங்கில எழுத்தில் கோத்து நீளமாக வையுங்கள். நாலைந்து சொல், ஒன்றோடொன்று ஒட்டாத சொல். குறளோ பழமொழியோ வேண்டாம், அவை ஊருக்கே தெரிந்தவை.

அண்ணன் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் எந்த டிஸ்க்கைத் தொடும் முன்பும் எல்எஸ்பிஎல்கே போட்டு, வந்ததை ஒரு தாளில் கையால் எழுதுவார். டிஸ்க்கின் அளவு, லக்ஸின் யூயூஐடி, அதற்குள் இருக்கும் ஃபைல்சிஸ்டத்தின் யூயூஐடி. இரண்டு யூயூஐடியையும் வேறு வேறு நிற மையில் எழுதுவார். கிரிப்ட்டேபில் எழுத வேண்டியது வெளியே இருக்கும் லக்ஸின் எண், மவுன்ட் பட்டியலான எஃப்எஸ்டேபில் எழுத வேண்டியது திறந்த பின் வரும் மேப்பர் பெயரோ உள்ளே இருக்கும் எண்ணோ. மாற்றி எழுதினால் இல்லாத டிஸ்க்குக்காக மெஷின் ஒன்றரை நிமிஷம் காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களை அவர் வாயால் சொல்வாரே தவிர ஃபைலில் எழுதமாட்டார். ஒரு கேபிளை மாற்றிச் செருகினாலே அந்தப் பெயர்கள் இடம் மாறிவிடும்.

லக்ஸ்ஃபார்மட் கொடுத்ததும் கேபிடல் எழுத்தில் 'யெஸ்' அடிக்கச் சொல்லி கிரிப்ட்செட்டப் நிற்கும். அந்த இடத்தில் அண்ணன் இரண்டு கையையும் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். திரையில் இருக்கும் டிஸ்க் பெயரை வாய்விட்டுப் படிப்பார், தாளைப் பார்ப்பார், பக்கத்தில் இருப்பவரை ஒரு தடவை படிக்கச் சொல்வார். அப்புறம்தான் அந்த மூன்று எழுத்து. பக்கத்தில் இருப்பவர் டீ கொண்டு வந்த பையனாக இருந்தாலும் படித்தாக வேண்டும்.

ரீபூட் செய்து பார்ப்பது சோதனை அல்ல என்பார் அவர். பூட் ஆகாத மெஷினிடம் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ஓடும்போதே சோதித்துவிட வேண்டும். கீ ஃபைலை ஏற்றியதும் டெஸ்ட்-பாஸ்ஃபிரேஸ் ஆப்ஷனோடு ஒரு தடவை திறந்து பார்க்கலாம், டிஸ்க்கை மேப் செய்யாமல் சாவி பொருந்துகிறதா என்று மட்டும் சொல்லும். கிரிப்ட்டேப் எழுதியதும் டேட்டாவை அன்மவுன்ட் செய்து, கிரிப்ட்டிஸ்க்ஸ்_ஸ்டாப் கொடுத்து மூடி, கிரிப்ட்டிஸ்க்ஸ்_ஸ்டார்ட் கொடுத்துத் திறக்க வேண்டும். கிரிப்ட்டேபில் எழுதியபடியே அது திறக்கும். கேள்வி கேட்காமல் திறந்தால் வரி சரி. பிறகு அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ், எல்லா கர்னலுக்கும். அதில் ஒரு வார்னிங் வந்தாலும் நின்று படிக்க வேண்டும். கையில் லைவ் யூஎஸ்பி ஒன்று எப்போதும். ரூட் அல்லாத டிஸ்க்குகளுக்கு கிரிப்ட்டேபிலும் எஃப்எஸ்டேபிலும் நோஃபெயில் சேர்த்துவிடுங்கள். பேக்கப் டிஸ்க் செத்துப் போனதற்காக ஆபீஸே காலையில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

கீ ஃபைல் வேலை செய்கிறது என்று தெரிந்ததும் டேட்டா டிஸ்க்கின் பழைய பாஸ்ஃபிரேஸ் ஸ்லாட்டை நீக்கிவிடத் தோன்றும். நீக்காதீர்கள். ரூட் இருக்கும் எஸ்எஸ்டி செத்தால் கீ ஃபைலும் அதோடு போய்விடும். அப்போது டேட்டா டிஸ்க் நல்லபடியாகக் கையில் இருந்தும் திறக்க வழி இருக்காது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் மனிதர் அடிக்கும் ஸ்லாட் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று லக்ஸ்டம்ப் எடுத்துப் பாருங்கள், அதைக் கையால் அடித்தும் பாருங்கள்.

ஹெடர் பேக்கப்பும் அதே நாளில் எடுக்க வேண்டும். லக்ஸ் 2-இல் ஹெடர் வழக்கமாக 16 எம்பி. அது அழிந்தால் மீதி டிஸ்க் முழுக்க நல்லபடி இருந்தும் பயனில்லை. பூட்டிய டிஸ்க்கை யாராவது விண்டோஸ் மெஷினில் செருகி, ஃபார்மட் செய்யட்டுமா என்று அது கேட்டதற்குச் சரி என்று சொல்லிவிட்டால் போதும். லக்ஸ்ஹெடர்பேக்கப் கொடுத்து, வேலை நடக்கும் டிஸ்க்கிலேயே வைக்காமல் வெளியே எடுத்து, டிஸ்க்கின் சீரியல் நம்பரை அதன் மேல் எழுதி வையுங்கள். ஸ்லாட் சேர்த்தாலோ நீக்கினாலோ புதிதாக ஒன்று எடுத்துவிட்டுப் பழையதை அழித்துவிடுங்கள். பாஸ்ஃபிரேஸை மாற்றினாலும் வால்யூம் கீ மாறுவதில்லை. வேலையை விட்டுப் போனவருக்குத் தெரிந்த பழைய பாஸ்ஃபிரேஸ், பழைய ஹெடர் பேக்கப்போடு சேர்ந்தால் அந்த டிஸ்க்கை இன்றைக்கும் திறக்கும்.